பாரியா, பார்லேயா?

பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இந்த இரண்டு மிட்டாய் நிறுவனங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாரி நம்மூர்ச் சரக்கு. 1788-ல் சென்னையில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர்தான் பாரிமுனைக்கும் மிட்டாய்க்கும். 1914-ல் மிட்டாய்த் தொழில் தொடங்கியது. ஆலை, கரும்புக்குப் பேர்போன நெல்லிக்குப்பத்தில்.

பார்லே மும்பைக்காரர். 1929-ல் வில்லே பார்லேயில் பிறந்து ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டது. பிஸ்கட்டுக்குப் பேர் வாங்கினாலும் முதலில் செய்தது மிட்டாய்தான். கிஸ்மி 1963, பாப்பின்ஸ் 1966, மெலடி 1983 என வரிசையாக வந்தன.

மெலடியைக் கடித்தால் கேரமல் உடைந்து உள்ளிருந்து சாக்லேட் வழியும். பாரியின் காஃபி பைட்டைக் கடிக்கவே கூடாது, பல்லில் அப்பிக்கொள்ளும். கன்னத்தில் ஒதுக்கினால் டிகாக்‌ஷன் கசப்பு மெல்ல இறங்கும். காபியா டாஃபியா என்று விளம்பரத்தில் அடித்துக்கொண்டார்களே, அதே மிட்டாய்தான்.

சரி, இன்று யார் கையில்? பார்லே இன்னும் சௌஹான் குடும்பத்திடம். பாரி மிட்டாயை 2004-ல் கொரியாவின் லாட்டே நிறுவனம் வாங்கிவிட்டது. என்னைக் கேட்டால் நான் காஃபி பைட் பக்கம். பிள்ளைகளுக்கென்றால் பாப்பின்ஸ், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கொடுக்கலாம், சிவப்புக்கு மட்டும் சண்டை வரும்.