கடையில் கல்லு மாதிரி இருந்த பிரேக், இறக்கத்தில் இல்லை: அரை மாதச் சம்பளம் போச்சு

முந்தாநாள் இறக்கத்தில் மவுண்டன் பைக்கிலிருந்து, அதாவது மலைப்பாதை சைக்கிளிலிருந்து, விழுந்தேன். வலது மணிக்கட்டில் கட்டு, இடது கையால் டைப் அடிக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த ஆளும் அதே கடையில் போய் நிற்பார். பிரேக் லீவரை எப்படி வைப்பது, எந்த விரலால் பிடிப்பது என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

மவுண்டன் பைக் மட்டுமே பார்க்கும் ஒரு சர்வீஸ் கடை. முன்னும் பின்னும் புது ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் வேலை செய்யும்) டிஸ்க் பிரேக், பொருத்தும் கூலி, பிளீட் (பிரேக் திரவத்தில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது), அப்புறம் பில்லில் தனி வரியாக 'கைக்கு ஏற்ற லீவர் செட்டிங்'. எல்லாம் சேர்த்து என் அரை மாதச் சம்பளம்.

நான் நம்பிய இடம் இதுதான். மெக்கானிக் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து லீவரின் வளைந்த நுனியில் வைத்து, "ஒரு விரல் போதும் சார், மத்த மூணும் ஹேண்டில்பார் கிரிப்பை விடவே கூடாது" என்றார். சரியான பேச்சு. விஷயம் தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தவர் வேலையும் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். பைக்கைக் கொடுக்கும்போது இரண்டு லீவரையும் படபடவென்று நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, "இப்போ பாருங்க" என்றார். கல்லு மாதிரி இருந்தது.

லீவர் கிரிப்பிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறதே என்று கேட்டேன். "புதுசுல அப்படித்தான் சார், பழகிடும்." விரல் நுனிதான் எட்டியது. ஒரு விரலில் இழுக்க வலு வரவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு விரலால் பிடித்தேன்.

இறக்கத்தில் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் வந்துவிட்டு, வளைவுக்கு முன் இழுத்தேன். முன் பிரேக் லீவர் பொதபொதவென்று உள்ளே வந்து, கிரிப்பில் இருந்த மோதிர விரல் மேலேயும் சுண்டு விரல் மேலேயும் இடித்து நின்றது. அதற்கு மேல் இழுக்க இடமில்லை. பைக் நிற்கவில்லை. விழுந்ததில் லீவரும் ஒடிந்தது.

கடைக்குப் போன் செய்தேன். முதலில், "பிரேக் பேட் இன்னும் செட் ஆகியிருக்காது சார்." அடுத்த தடவை, "நீங்க ரெண்டு விரல்ல பிடிச்சதுதான் தப்பு." மூன்றாவது தடவை, "ஓனர் வரட்டும்." அதோடு சரி. அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தாயிற்று, பதில் இல்லை. அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஓனர் வரட்டுமாம்!

விவரம் தெரிந்த நண்பரிடம் பைக்கைக் காட்டினேன். பிரேக் திரவம் போகும் ஹோஸை (குழாயை) அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். அப்போது உள்ளே போன காற்றை வெளியேற்றவே இல்லை. பிளீடுக்குக் காசு மட்டும் வாங்கியிருக்கிறார்கள். காற்று இருந்தால் லீவர் பாதிக்கு மேல் உள்ளே வந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். அது தெரியாமல் இருக்க, லீவருக்கும் கிரிப்புக்கும் உள்ள தூரத்தை மாற்றும் ரீச் ஸ்க்ரூவைத் திருகி லீவரை வெளியே தள்ளி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து அமுக்கினால் கொஞ்ச நேரத்துக்கு இறுக்கமாகவும் காட்டும். அந்த நாலைந்து அமுக்கல் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. லீவரை ஹேண்டில்பாரில் பிடித்து வைக்கும் கிளாம்ப் போல்ட்டை வேறு முரட்டுத்தனமாக இறுக்கியிருந்தார்கள். அளவாக இறுக்கியிருந்தால் விழும்போது லீவர் சுழன்று தப்பித்திருக்கும்.

விளக்கமாக எழுத நினைத்தேன், கை வலிக்கிறது. இதையாவது செய்யுங்கள். பைக்கை வாங்கும்போது லீவரைச் சில நிமிடம் யாரும் தொடாமல் விட்டு, பிறகு நீங்களே ஒரே ஒரு தடவை மெதுவாக அமுக்குங்கள். கிரிப் வரை வந்தால் காசு கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் இறுகுகிறதா, காற்று இருக்கிறது. கிளாம்பை உள்பக்கம் நகர்த்தி, ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் விழும்படி வையுங்கள், நடுவில் இழுத்தால் பலம் வராது. கை, மணிக்கட்டு, விரல் நேர்கோட்டில் வர வேண்டும். பிரேக்குக்குள் ஊற்றுவது மினரல் ஆயிலா, டாட் (DOT) திரவமா என்று கேளுங்கள், மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் போய்விடும். பில்லில் 'பிளீட்' என்று இருந்தால் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

அரை மாதச் சம்பளம், ஒடிந்த லீவர், மணிக்கட்டு. நாளைக்குப் பில்லோடு அந்தக் கடை வாசலில்தான் நிற்கப் போகிறேன்.