கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வைஃபை: டிபி-லிங்க் டெகோ எக்ஸ்20, எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பாளையங்கோட்டையில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடையும், முதல் தளத்தில் வீடும், அதற்கு மேல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. கடையில் இரண்டு பிரிண்டர், ஒரு பில்லிங் கணினி, நான்கு கண்காணிப்புக் கேமராக்கள். வீட்டில் ஏழு ஸ்மார்ட் பல்புகள், மூன்று ஸ்மார்ட் பிளக்குகள், ஒரு தொலைக்காட்சி. மாடியில் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரை இயக்கி நிறுத்தும் ஒரு கருவி. வீட்டாரின் கைப்பேசிகளையும் சேர்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் ஒரே இணைப்பை நம்பியிருந்தன. இணையச் சேவைக்காரர் ஷட்டருக்குப் பின்னால் சுவரில் அடித்துவிட்டுப் போன மோடம் பெட்டி ஒன்றே இத்தனைக்கும் வைஃபை கொடுத்து வந்தது.

விளைவு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். மாடியில் இருந்த கருவிக்கு இணைப்பு அறுந்துபோய், தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கிய பிறகுதான் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது அம்மாவுக்குத் தெரிந்தது. கைப்பேசியில் சமிக்ஞை அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் மைனஸ் 80 டிபிஎம்முக்கும் கீழே காட்டியது (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சமிக்ஞை வலுவானது என்று பொருள்). கம்பி கட்டிப் போட்ட இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டி அவ்வளவு வருவதே பெரிது. அதற்கு முன்பே ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படியில் மாட்டிப் பார்த்திருந்தேன். வாங்கிய சமிக்ஞையை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதிக்கும் கீழே விழுந்ததே தவிர, அறுந்து அறுந்து சேரும் தொல்லை தீரவில்லை.

பிறகுதான் டிபி-லிங்க் நிறுவனத்தின் டெகோ எக்ஸ்20 மெஷ் கருவியை, அதாவது பல அலகுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் கருவியை, மூன்று அலகுகளாக வாங்கினேன். இது வைஃபை 6 வகையைச் சேர்ந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1201 மெகாபிட் என்பது பெட்டியில் போட்டிருக்கும் உச்ச வேகம். ஒவ்வோர் அலகிலும் இரண்டு கிகாபிட் ஈதர்நெட் துளைகள் உண்டு. வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அந்த 1201 என்ற எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஸ்மார்ட் கருவிகளுக்காக வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது 2.4 பக்கத்தை. பல்பு, பிளக், மோட்டார் கருவி ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசக்கூடியவை, அவற்றுக்கு வைஃபை 6 தெரியாது, வேகமும் தேவையில்லை. இரவும் பகலும் அறுபடாத மெல்லிய இணைப்பு ஒன்று கிடைத்தால் அவற்றுக்குப் போதும். அந்த அலைவரிசை சுவர்களை ஓரளவு நன்றாகவே ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே இருப்பதால், கடைத்தெருவில் அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் அங்கேயே வந்து நெருக்கியடிக்கின்றன. கைப்பேசிகளும் மடிக்கணினியும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடுவதால் இந்த நெரிசலில் நம் வீட்டுப் பங்கு குறைகிறது.

மெஷ் வாங்கிவிட்டால் கேபிள் வேண்டாம் என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். முதல் இரண்டு வாரம் நானும் கேபிள் இல்லாமல்தான் ஓட்டினேன். இரட்டை அலைவரிசைக் கருவிகளில், அலகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதையும் நம் கைப்பேசி பேசும் பாதையும் ஒன்றே என்பதால், கீழே முழு வேகம் கிடைத்தாலும் மேலே அதில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. மாடி அலகு நாளுக்கு ஒருமுறையாவது சிவப்பு விளக்கைக் காட்டியது. எங்கள் கட்டடத்தில் தளத்துக்குத் தளம் கான்கிரீட் என்பதால் எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே கேபிள் இழுக்க முடிவு செய்தேன். மொட்டை மாடியிலிருந்து கீழே கடை வரை, கேபிள் டிவி வந்த காலத்தில் பதித்த குழாய் ஒன்று சுவருக்குள் இருந்தது. உள்ளே அந்தக் கறுப்புக் கோஆக்சியல் வயர் அப்படியே கிடந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி அந்த வயரின் மேல் முனையில் கேட் 6 வகை இணையக் கேபிளை இறுகச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, "அண்ணாச்சி, கீழ இருந்து மெதுவா இழுங்க, வெடுக்குனு இழுத்துராதீங்க" என்றார். பழைய வயர் கீழே வர வர, புதிய கேபிள் அதன் பின்னாலேயே இறங்கி வந்தது. சுவரை உடைக்காமல் அரை நாளில் வேலை முடிந்தது. மின்சார வயர் போகும் குழாயில் இதைச் சேர்த்து விடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்; அது சரியான எச்சரிக்கை. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த மலிவான கேபிள்கள் சந்தையில் நிறைய உண்டு. ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும். கேட் 5இ அல்லது கேட் 6, நூறு மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும் என்பதால் நம் கட்டடங்களுக்குத் தாராளம்.

கேபிள் சொருகிய பிறகு டெகோ செயலியில் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அலகுகள் தாமாகவே கம்பி வழிக்கு மாறிக்கொண்டன. அன்று முதல் மாடியில் கீழ்த்தளத்துக்கு இணையான வேகம் கிடைக்கிறது, சமிக்ஞை மைனஸ் 50ஐ ஒட்டி நிற்கிறது, மோட்டார் கருவி ஒருமுறையும் தொடர்பு இழக்கவில்லை. அலகுக்கு இரண்டே துளைகள் என்பது கடைக்காரர்களுக்கு ஒரு குறை. ஒரு கேபிளைப் பல கேபிள்களாகப் பிரித்துக் கொடுக்கும் எட்டுத் துளை கிகாபிட் ஸ்விட்ச் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி, பிரிண்டர்களையும் பில்லிங் கணினியையும் மேல்தளக் கேபிள்களையும் அதில் சேர்த்தேன். பிரிண்டரையும் கணினியையும் வைஃபையில் விடாமல் கம்பியில் போடுவது கடை நடத்துபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. நகரவே நகராத பொருளுக்குக் காற்றுவழி இணைப்பு எதற்கு?

நிறுவும்போது கவனிக்க வேண்டிய இடம் மோடம். அதுவும் ரவுட்டராக, டெகோவும் ரவுட்டராக இருந்தால் ஒன்றின் உள்ளே ஒன்றாக இரண்டு வலைகள் உருவாகி, வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பது போன்றவை குழம்பும். ஒன்று, ரவுட்டர் வேலையை மோடத்திடமே விட்டுவிட்டு வைஃபையை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் டெகோவை வைக்கலாம். ஆனால் அப்போது பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் போய்விடும். இல்லையென்றால் மோடத்தை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, சேவைக்காரரின் வலைக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், அந்த வலையில் நம் இணைப்பு போகும் தடத்தைக் குறிக்கும் விலேன் எண் மூன்றையும் அவரிடமிருந்து கேட்டு வாங்கி டெகோவில் போட வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். என் சேவைக்காரர் இந்த மூன்று விவரங்களைத் தர நான்கு நாள் இழுத்தடித்தது வருத்தமான விஷயம்; கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளருக்கு உரிய தகவல் அது.

புதிய வலைக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வைத்தேன். பல்புகளும் பிளக்குகளும் மாற்றம் நடந்ததே தெரியாமல் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் இணைக்கும் வேலை மிச்சமானது. வைஃபை பாதுகாப்பு முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3ஐ மட்டும் தேர்ந்தெடுத்தபோது மோட்டார் கருவி உள்ளே வர மறுத்ததால், முந்தைய டபிள்யூபிஏ2வுக்கே திரும்பினேன். புதிதாக ஒரு பல்பு வாங்கிச் சேர்க்கும்போது, அது விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்து கடைசியில் தோல்வி என்று காட்டினால், செயலியில் 5 கிகாஹெர்ட்ஸைச் சில நிமிடம் அணைத்துவிட்டு முயல வேண்டும். கைப்பேசியும் 2.4க்கு இறங்கிவிடுவதால் இணைப்பு உடனே அமைந்துவிடுகிறது; பிறகு மறக்காமல் 5ஐத் திரும்பப் போட்டுவிடலாம்.

இன்னொரு நல்ல வசதியும் செயலிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் மெஷ் தொழில்நுட்பத்தைத் தனித்தனியாக அணைக்கலாம். ஒரே இடத்தில் நிற்கும் கேமராவும் பிளக்கும் ஓர் அலகை விட்டு மற்றோர் அலகுக்குத் தாவத் தேவையில்லை. அவற்றுக்கு அணைத்துவிட்டால் இணைப்பு இன்னும் நிலையாக நிற்கிறது. கடைக்கு வருபவர்கள் பட்டா நகலையோ சான்றிதழையோ வாட்ஸ்அப்பில் அனுப்ப வைஃபை கேட்பார்கள். அவர்களுக்கு விருந்தினர் வலையைத் திறந்து, கடவுச்சொல்லைக் கல்லாவின் அருகில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதில் சேர்பவர்களுக்கு இணையம் கிடைக்கும்; எங்கள் பில்லிங் கணினியோ கேமராவோ கண்ணில் படாது. முன்பு வீட்டுக் கடவுச்சொல்லையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் அச்சமாக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அமைப்புகள் அனைத்துக்கும் கைப்பேசிச் செயலியையே நம்ப வேண்டும், அதற்கு நிறுவனக் கணக்கு ஒன்றும் வேண்டும். கணினி உலாவியில் திறக்கும் பக்கத்தில் மிகச் சில வசதிகளே உள்ளன. ஹோம்ஷீல்டு என்ற பாதுகாப்புச் சேவையில் அடிப்படை மட்டும் இலவசம், மேற்பட்டவற்றுக்குச் சந்தா கேட்கிறது. நான் சந்தா கட்டவில்லை. இந்த எட்டு மாதத்தில் அதற்கான தேவையும் எழவில்லை. வெயிலும் மழையும் படும் இடத்தில் இதை வைக்க முடியாது என்பதால் மாடி அலகைப் படிக்கட்டு அறைக்குள் வைத்திருக்கிறேன். திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும் என்பவர்களுக்கு இதே வரிசையில் எக்ஸ்50-அவுட்டோர் இருக்கிறது.

இரண்டு அறை வீட்டில் பத்துக்கும் குறைவான கருவிகளோடு இருப்பவர்களுக்கு மூன்று அலகுகள் வீண்செலவு. மோடத்தை மூலையிலிருந்தும் இரும்பு பீரோவின் பின்னாலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, அதற்கும் சரியாகாவிட்டால் ஒரு நல்ல ரவுட்டர் வாங்கினால் போதும். எங்களைப் போல மாடியும் கடையும் சேர்ந்த கட்டடம் என்றால், கேபிள் இழுக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இதைத் தயங்காமல் வாங்கலாம்.

மின்வெட்டுக்கென்று 12 வோல்ட் சிறு யுபிஎஸ்களும் வாங்க வேண்டியிருந்தது. மோடத்துக்கும் ஸ்விட்சுக்கும் மூன்று அலகுகளுக்கும் அவை மின்சாரம் கொடுக்கின்றன. வாங்கும்முன் அடாப்டரின் மேல் அச்சிட்ட ஆம்பியர் அளவைப் பார்த்து, அதற்குக் குறையாததாக எடுக்க வேண்டும். கடந்த வாரம் மாலையில் தெரு முழுவதும் ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது, மடிக்கணினியிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்குள் அனுப்பி முடித்தோம்.