ஆட்டுக் கொட்டகைக்குத் தகரம் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

எங்கள் நான்கு ஆடுகளுக்காக நானே மரச்சட்டம் நிறுத்திக் கட்டிய சிறு கொட்டகைக்கு நெளி தகரம் மட்டும் அடித்துத் தரும்படி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். அரை நாளில் முடித்துவிட்டு முழுக் கூலியையும் வாங்கிச் சென்றார். வெளியே நின்று பார்க்கக் குறை ஏதும் தெரியவில்லை.

முதல் மழைக்கே உள்ளே பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒழுகியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், எல்லாம் சாதாரண ஆணிகள். அவையும் நெளிவின் பள்ளத்தில் அடிக்கப்பட்டிருந்தன. மழைநீர் ஓடுவதே பள்ளத்தில்தான் என்பதால், அங்கே விழும் துளை ஒவ்வொன்றும் ஒழுகும். நெளி தகரத்தை மேட்டில் துளையிட்டு, ரப்பர் வாஷர் வைத்த திருகாணியால் இறுக்க வேண்டும். அதற்காகவே நான் வாங்கிக் கொடுத்திருந்த திருகாணிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் தீவனத் தொட்டியின் பின்னால் கிடந்தது.

அடுத்து வந்த காற்றில் ஒரு மூலை பெயர்ந்து எழுந்தது. முன்பக்கம் திறந்திருக்கும் கொட்டகையில் புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். அதே நேரத்தில் மேலே வீசும் காற்றும் அதை இழுக்கும். இந்த விசை ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அதிகம் என்பதால் அங்கே திருகாணிகளை நெருக்கமாகப் போட வேண்டும். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் தகரம் அசைய அசைய, வழவழப்பான ஆணி மெல்ல மேலேறிவிடும். மரை உள்ள திருகாணி அவ்வளவு எளிதில் கழலாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது கூரையின் அடிப்பக்கம். தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரில் இறங்காமல் தவறிய ஆணிகளின் முனைகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. பின்னங்கால்களில் எழுந்து நின்ற தாயாட்டின் காது அதில் கிழிந்தது. தகரம் வெட்டிய துணுக்குகளையும் அவர் பொறுக்கவில்லை. காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைக்கோலின் மேல் இழுத்தபோது ஒரு கைப்பிடி அளவு ஒட்டியது. விழுங்கிய கம்பியோ ஆணியோ மாட்டின் வயிற்றைத் துளைத்து இதயம் வரை செல்வதுண்டு என்பது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. ஆடுகள் விஷயத்திலும் அலட்சியமாக இருக்க என்னால் முடியாது.

அழைத்துக் கேட்டபோது, "ஆட்டுக் கொட்டகைதானே, இதற்குப் போய் இவ்வளவு பார்க்கிறீர்களே" என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை.

எனவே, கூலியைத் தீர்ப்பதற்கு முன் நீங்களே ஏறிப் பாருங்கள். ஏற முடியாதவர்கள் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாலே துளைகள் பள்ளத்தில் உள்ளனவா, முனைகள் நீட்டுகின்றனவா என்பது தெரிந்துவிடும். பக்கவாட்டில் ஒரு தகரத்தின் மேல் அடுத்தது ஒன்றரை நெளிவாவது ஏறியிருக்க வேண்டும். வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கே இறுக்கச் சொல்லுங்கள். மிகவும் இறுக்கினால் ரப்பர் வெடித்து, தகரமும் அமுங்கிவிடும்.

நான் எல்லா ஆணிகளையும் பிடுங்கி, துளை விழுந்த தகரங்களை மாற்றி, கூரையை மறுபடியும் போட்டேன். தாயாட்டின் காது ஆறிவிட்டது. ஆனால் அந்த மூலைப் பக்கம் அது இன்னும் போவதில்லை.