மலைக்கு ஒரு விடுதி, காட்டுக்கு ஒரு விடுதி: அலாஸ்காவுக்குக் கப்பல் ஏறுமுன் ஒரு கணக்கு

வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அலாஸ்கா வரைபடம் ஒன்று அதை முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் ஒன்றாகப் போவோம் என்று ஸ்காபரோவிலிருந்து அக்காவும் அத்தானும் தொடக்கிவைத்த கதை இது. கனடாவின் வன்கூவருக்கும் அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்துக்கும் இடையே ஏழு இரவு கப்பல். அதோடு மூன்று நான்கு இரவு உள்நாட்டில், காட்டு விடுதிகளில். கப்பலைத் தெரிவு செய்ய ஒரு கிழமைதான் எடுத்தது. விடுதிகள்தான் தலையைத் தின்றன.

காலி வீதியில் ஒரு பயண முகவர், "டெனாலியில் இரண்டு இரவு" என்று அழகாக அச்சடித்துத் தந்தார். படத்தில் பெரிய வெள்ளை மலை, மரத்தாலான மொட்டைமாடி, கையில் கோப்பியோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. நானும் சரி என்றுதான் நினைத்தேன். அம்மா முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர்; அவருக்குப் படம் போதாது. தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்து, நெடுஞ்சாலை வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து விரலால் அழுத்திக்கொண்டே போனார். விடுதியிலிருந்து தேசியப் பூங்காவின் வாசல் வரை வந்ததும் நறுக்கினார். அந்தத் துண்டை வரைபடத்தின் அடியில் இருந்த அளவுகோலில் நீட்டிப் பிடித்தார்.

"நூறு மைலுக்கு மேல வருது தம்பி. பக்கத்தில எண்டு சொன்னது ஆர்?"

அம்மா சொன்னது சரிதான். அந்த நூல் துண்டில்தான் இந்த முழு ஒப்பீடும் இருக்கிறது.

பெயர் ஒன்று, இடம் இரண்டு

டெனாலி என்ற பெயரில் அங்கே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குத் தெற்கே, மாநில அரசின் டெனாலி பூங்கா என்று வேறொன்று இருக்கிறது. அங்கே நிற்கிற பெரிய மலைக்கும் இரண்டு பெயர். 2015இல் டெனாலி என்பதை அதிகாரபூர்வமாக்கினார்கள், 2025இல் மறுபடி மக்கின்லி ஆக்கினார்கள். பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே இருக்கிறது. விடுதிகளோ இந்த இரண்டு பெயரையும் மாறி மாறி வைத்திருக்கின்றன. கொழும்பில் இருந்துகொண்டு கையேட்டை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு எது எங்கே என்று எப்படித் தெரியும்?

பிரின்சஸ் கப்பல் கொம்பனியிடம் இந்தப் பாதையில் இரண்டு பெரிய விடுதிகள். மவுண்ட் மக்கின்லி பிரின்சஸ் விடுதி, பார்க்ஸ் நெடுஞ்சாலையின் 133ஆவது மைலில், மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. டெனாலி பிரின்சஸ் விடுதி 238ஆவது மைலைத் தாண்டி, தேசியப் பூங்காவின் வாசலுக்குப் பக்கத்தில், நெனானா ஆற்றங்கரையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 170 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து தம்புள்ளைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட. முகவர் இரண்டு இரவையும் தெற்கு விடுதியில்தான் போட்டிருந்தார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. டெனாலிதான், ஆனால் நாங்கள் நினைத்த டெனாலி இல்லை.

தெற்கு

தெற்கு விடுதியை மலைக்காகவே கட்டியிருக்கிறார்கள். சுலிட்னா ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. மலை நேர்கோட்டில் ஏறக்குறைய 68 கிலோமீற்றர். உயரம் 6,190 மீற்றர். எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அந்த மொட்டைமாடியில் நின்று, மேகம் விலகினால், வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலை அடி முதல் முடி வரை தெரியும்.

மேகம் விலகினால் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். கோடையில் அங்கே போகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் மலை தெரிகிறது என்பது அங்குள்ளவர்களே சொல்கிற கணக்கு. நுவரெலியாவுக்குப் போய்ப் பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எங்களில் பலருக்கும் உண்டு. அதையே இரண்டு விசா எடுத்து, உலகத்தின் மறுபக்கம் போய்ச் செய்வதை யோசித்துப் பாருங்கள். மலை தெரியாவிட்டால் நடைபாதைகள் இருக்கின்றன, சாப்பாட்டு அறை இருக்கிறது. ஆனால் அந்த இரவுகளை வாங்கியது மலைக்காக. தேசியப் பூங்காவுக்குள் போகிற பஸ்ஸுக்கு வசதி வடக்கில்தான்.

தெற்கிலேயே இன்னொன்று டல்கீட்னா அலாஸ்கன் விடுதி. ரோயல் கரீபியன் போன்ற கப்பல் கொம்பனிகளின் தரைப் பயணங்களில் அடிக்கடி வருவது இதுதான். இங்கிருந்தும் மலை தெரியும், ஆனால் இன்னும் தள்ளி. எனக்கு இந்த இடத்தில் ஒரு கண் விழுந்தது மலையால் இல்லை, ஊரால். டல்கீட்னா சுமார் ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். மலையேறுபவர்கள் பதிவு செய்துவிட்டுப் புறப்படுவது இங்கிருந்துதான்; பனிப்பாறைமேல் இறங்கும் சறுக்குக்கால் விமானங்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. இருபது வருடம் ஸ்டப்ஸ் என்று ஒரு பூனை இந்த ஊரின் கௌரவ மேயராக இருந்து 2017இல் செத்துப்போனது. அப்படிப்பட்ட ஊரில் மாலை நேரம் நடந்து திரியலாம், கடையில் சாப்பிடலாம். மக்கின்லி பிரின்சஸில் விடுதியை விட்டால் காடுதான், கடை தெரு எதுவும் இல்லை. அமைதி வேண்டுமென்பவர்களுக்கு அது நல்லது. அத்தானுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அமைதி தாங்காது.

வடக்கு

வடக்கு விடுதிகளிலிருந்து மலை தெரியாது. இதைக் கையேட்டில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. விடுதிகளுக்கும் அந்த மலைக்கும் நடுவே வேறு மலைகள் நிற்கின்றன. ஆனால் பூங்கா அங்கேதான்.

பூங்காவின் அளவு சுமார் 24,500 சதுர கிலோமீற்றர், இலங்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உள்ளே ஒரே ஒரு சாலை, 92 மைல் நீளம். சொந்த வாகனத்தில் முதல் 15 மைல்தான் விடுவார்கள். அதற்கு மேல் பஸ்தான். யாலவில் ஒரு சிறுத்தைக்கு நாற்பது ஜீப் முண்டியடித்து, புகையும் தூசியும் குடித்துப் பழகிய எங்களுக்கு இது புதிது. பஸ் சாரதியே வழிகாட்டியாகவும் இருப்பார். யாராவது மிருகத்தைக் கண்டால் "நிறுத்துங்கோ" என்று கத்தலாம், அவர் நிறுத்துவார். பழுப்புக் கரடி, மூஸ், கரிபூ என்ற பெரிய மான் வகைகள், மலைச்சரிவில் வெள்ளைப் புள்ளியாக டால் செம்மறி, கொடுத்துவைத்திருந்தால் ஓநாய். வெளியெல்லாம் மரமில்லாத தரை என்பதால் தூரத்தில் நிற்பதும் தெரியும். நல்ல இருகண் நோக்கி ஒன்று கட்டாயம்.

2021 ஓகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் நிலம் சரிந்து சாலை பாதியில் நின்றுபோனது. அதன் பிறகு பஸ்கள் 43ஆவது மைல் வரைதான் போய்த் திரும்பின. சரிந்த இடத்தைத் தாண்டப் பாலம் கட்டுகிறார்கள். நீங்கள் போகிற வருடத்தில் எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பதை பூங்காவின் அறிவிப்பிலேயே பாருங்கள். பழைய பயணக் குறிப்புகளில் வருகிற, சரிவுக்கு அப்பால் இருக்கும் வொண்டர் ஏரியின் படங்களை நம்பிப் போகாதீர்கள். சாலையின் கடைசியில் கன்டிஷ்னாவில் இருக்கும் விடுதிகளுக்கும் இந்தச் சரிவுக்குப் பிறகு சிறு விமானத்தில்தான் போனார்கள். அவை அருமையான இடங்கள், ஆனால் கப்பல் பக்கேஜுக்குள் வராதவை, செலவும் வேறு ரகம். எங்கள் மேசையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

பஸ்ஸிலும் இரண்டு வகை இருக்கிறது. குறுகிய இயற்கை வரலாற்றுச் சுற்று ஒன்று, இன்னும் உள்ளே போகிற டுண்ட்ரா வில்டர்னஸ் டூர் ஒன்று. பக்கேஜில் எது சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறுகியதுதான் என்றால் மேலதிகமாகக் கட்டி நீண்டதற்கு மாறுவது, பெரிய அறைக்குக் கட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஐந்து மணித்தியால பஸ் பயணம் என்றதும் அம்மாவின் முழங்காலை நினைத்து அக்கா பயந்தாள். இடையிடையே கழிப்பறைக்கும் கால் நீட்டவும் நிறுத்துகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் ஓய்ந்தாள்.

இதில் எங்கள் முடிவையே மாற்றிய ஒரு விஷயம்: பூங்காச் சாலையில் ஒன்பதாவது மைல் அளவிலேயே, வானம் தெளிந்திருந்தால், மலை முதல் தடவை தெரியத் தொடங்கும். அதாவது வடக்கில் தங்கி உள்ளே போகிறவருக்கு மிருகமும் கிடைக்கும், மலைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. தெற்கில் மட்டும் தங்குகிறவருக்கு மலை மட்டும்தான், அதுவும் மூன்றில் ஒன்று.

வடக்கில் டெனாலி பிரின்சஸா, மக்கின்லி ஷாலே என்று பலர் அறிந்த, ஹாலண்ட் அமெரிக்கா கப்பல் கொம்பனியின் விடுதியா என்ற கேள்விக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். இரண்டும் ஒரே நெடுஞ்சாலை ஓரம், ஒரே ஆற்றங்கரை, ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போகலாம். இரண்டும் பெரியவை, பிரின்சஸில் மட்டும் 650 அறைக்கு மேல். மரக்குடில் ஒன்றும் அடுப்பங்கரையும் என்று கனவு கண்டு போனால், வரவேற்பு மேசையில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் நிற்பதைப் பார்த்து முகம் சுருங்கும். சின்ன விடுதிதான் வேண்டுமென்றால் கூப்பர் லாண்டிங்கில், கீனாய் ஆற்றுக்கு மேலே இருக்கும் கீனாய் பிரின்சஸ் அந்த ஆசைக்குப் பொருத்தம். ஆனால் அது வேறு திசை, டெனாலி அங்கே இல்லை.

ஆக வடக்கில் விடுதியைத் தீர்மானிப்பது உண்மையில் கப்பல்தான். பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா இரண்டும் பனிப்பாறைகள் இறங்கும் கிளேசியர் பே விரிகுடாவுக்குப் போகின்றன. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. ரோயல் கரீபியன் பெரும்பாலும் ஹபர்ட் பனிப்பாறைக்குப் போகும். அதுவும் குறைச்சலில்லை. ஆனால் நாள் முழுக்க அந்த விரிகுடாவுக்குள் நிற்பதை அம்மா ஏற்கெனவே மனதில் குறித்துவிட்டார். பிரின்சஸுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: விட்டியரில் கப்பல் அருகிலிருந்தே ரயில். அந்த ஊரின் சுரங்கப்பாதை நான்கு கிலோமீற்றர், ரயிலும் காரும் ஒரே வழியை முறை வைத்துப் பாவிக்கின்றன. "அப்ப கோச்சி வருமட்டும் கார் நிக்குமோ?" என்று அம்மா கேட்டார். நிற்கும்.

தனியாகப் போட்டால்?

அத்தானின் கட்சி இது. கப்பலை மட்டும் வாங்கி, அங்கரேஜில் கார் எடுத்து, விடுதியைத் தானே பதிவு செய்வது. இந்த விடுதிகள் கப்பல் பயணிகளுக்கு மட்டுமானவை இல்லை, யாரும் அறை எடுக்கலாம். அங்கரேஜிலிருந்து பூங்கா வாசல் 380 கிலோமீற்றர் அளவு, கொழும்பு-யாழ்ப்பாணம் மாதிரி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வானம் தெளிந்த நாளில் திட்டத்தை மாற்றலாம். இளம் ஆட்கள் நாலு பேர் என்றால் நான் அத்தான் பக்கம்தான். ஆனால் பக்கேஜில் பெட்டிகளை அவர்களே அறை வாசலுக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அம்மாவின் பெட்டியில் இருக்கப்போகிற மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, மாங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் தூக்கப்போவது யார் என்று அக்கா கேட்டாள். அத்தான் பேசாமல் இருந்தார். (அந்தச் சாப்பாட்டை அறைக்கு வெளியே வைக்கக் கூடாது, கரடி ஊர்.) மருந்தையும் குளிருடுப்பையும் கைப்பையில் வையுங்கள், பெட்டி சில சமயம் பிந்தித்தான் வரும்.

இனி வரிசை. தரை முதலில், கப்பல் பிறகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காட்டு விடுதி நாட்களில் விடியப் பெட்டி கட்டி, பஸ், ரயில் என்று ஓட வேண்டும். அதை உடம்பில் தெம்பு இருக்கும்போது முடித்துவிட்டுக் கப்பலில் விழுந்து படுக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இதில் ஒரு கூடுதல் வேலை: அமெரிக்க விசாவும் வேண்டும், கப்பல் வன்கூவரில் முடிவதால் கனடா விசாவும் வேண்டும். நாங்கள் முதலில் ஸ்காபரோ போய் அங்கிருந்து புறப்படுவதால், கனடா விசா பல தடவை நுழையக்கூடியதாக இருந்தால்தான் நிம்மதி. இரண்டும் கைக்கு வருமுன் திருப்பித் தராத பணம் எதையும் கட்டாதீர்கள்.

கடைசியில் எழுதியது இது: தெற்கில் மக்கின்லி பிரின்சஸ் ஒரு இரவு, வடக்கில் டெனாலி பிரின்சஸ் இரண்டு இரவு, நீண்ட பஸ். மொத்தம் இரண்டு இரவுதான் கிடைத்திருந்தால் இரண்டையும் வடக்கிலேயே போட்டிருப்பேன். முகவரிடம் திரும்பிப் போய்ச் சொன்னபோது அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்து, "இவ்வளவு தூரமா?" என்றார்.

திகதியில்தான் இழுபறி. ஜூன் என்றால் நள்ளிரவு வரை வெளிச்சம், கூடவே நுளம்பும். ஓகஸ்ட் கடைசி என்றால் தரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறத் தொடங்கும், இரவு மறுபடி இருளும், வடதுருவ ஒளிக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆனால் மழையும் கூட. கனடாவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் செப்டெம்பர் முதல் கிழமை தொடங்குகிறது. அம்மா ஓகஸ்ட் என்கிறார்.