தாப்பாவில் ரேடியேட்டர் சர்வீஸ்: மூடியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும் பட்டறை

பேராக்கின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் ரிங்லெட்டுக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் ஒருமுறை போய்வந்தால் போதும், மோட்டார் சைக்கிளில் இஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டவுனுக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டினதும் மீட்டரில் சூட்டு விளக்கு எரியும். சின்ன கியரில் இஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டியோ மெதுவாகத்தான் நகரும், அதனால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. உயரமும் ஒரு காரணம். அதே சாலையில் இன்னும் மேலே உள்ள தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்தச் சிக்கலோடு வரும் ஒய்15, 135எல்சி, ஆர்எஸ்150 போன்ற காப்சாய்களுக்கு (சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கு), டவுனிலிருந்து பீடோர் போகும் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் நல்ல வேலை நடக்கிறது. டயர், செயின், பிரேக் எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான். இங்கே எழுதுவது ரேடியேட்டர் வேலையைப் பற்றி மட்டும்.

“சூடாவுது” என்று சொன்னவுடன் பெரிய ரேடியேட்டர் வாங்கச் சொல்வதில்லை. முதலில் வண்டியை ஆற விடுகிறார்கள். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறார்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனாலும் சரியான முறை இதுதான். சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் சட்டென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதையும் இங்கே அனுமதிப்பதில்லை. அப்படி ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகலாம்.

மூடியை அவர்கள் பார்க்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, ரப்பர் வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவுகிறார்கள். நடுவில் இருக்கும் சின்ன வால்வை நகத்தால் இழுத்து, அது தானாகத் திரும்பி உட்காருகிறதா என்று பார்க்கிறார்கள். மூடிக்கு இரண்டு வேலை. பெரிய ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். மூடியில் 1.1 என்று போட்டிருந்தால் சுமார் 1.1 பார் வரை தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரின் கொதிநிலையே சுமார் 120 டிகிரிக்கு ஏறிவிடும், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் (இஞ்சினை ஆற்றும் திரவம்) 130ஐ நெருங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நடுவில் இருக்கும் சின்ன வால்வின் வேலை, இஞ்சின் ஆறும்போது ரிசர்வ் போத்தலிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்க விடுவது. அது சிக்கிக்கொண்டால் ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் போத்தலில் மட்டம் ஏறுகிறது, மறுநாள் காலையிலும் இறங்கவில்லை என்றால், மூடியையோ போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். புது மூடி வாங்க, காப்சாய் டாங்கியை இரண்டு மூன்று தடவை நிரப்பும் காசு போதும். அதை விட்டுவிட்டு ரேடியேட்டரையே மாற்றியவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய.

அடுத்து, கையால் அழுத்தும் பம்ப் ஒன்றை மூடி இருந்த இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை காற்று ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு முள் இறங்கக்கூடாது. இறங்கினால் ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் ஓரம், தண்ணீர் பம்ப் என்று வரிசையாகத் தேடுகிறார்கள். தண்ணீர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைத்துவிட வேண்டிய ஓட்டை இல்லை. அதில் கூலன்ட் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது, எண்ணெய் சொட்டினால் எண்ணெய் சீல் போய்விட்டது. இதை வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் சாமான் மாற்றுகிறார்கள்.

செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் வண்டிகளுக்குப் பாதி நோய் வெளியிலிருந்துதான் வருகிறது. முன் டயர் அள்ளி வீசும் செம்மண் நேராக ரேடியேட்டரில் போய் அப்பும். மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும், தகடுகளுக்கு நடுவே மண் செங்கல் மாதிரி இறுகியிருக்கும். இங்கே கவசத்தைக் கழற்றி, இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ரப்பர் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்கள். வந்த வழியிலேயே மண்ணை வெளியே தள்ளுவதுதான் முறை. கார் கழுவும் கடையில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிப்போய்க் காற்று போகும் வழி நிரந்தரமாக அடைபடும். மடங்கிய தகடுகளை இந்தப் பட்டறையில் தட்டையான குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை, கூலியும் அதற்கேற்ப வாங்குகிறார்கள், அது நியாயம்தான்.

விசிறிக்குப் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள். சுற்றினால் விசிறியின் மோட்டார் நல்லது, பிறகு சென்சார், ஃபியூஸ், ஒயர் பக்கம் போகலாம். சுற்றும் திசையையும் பார்க்கிறார்கள், பல இடங்களில் இதைக் கவனிப்பதில்லை. விசிறி மாற்றும்போது இரண்டு ஒயரை மாற்றி இணைத்துவிட்டால் அது எதிர்ப்பக்கம் ஊதும், ஓடும்போது வரும் காற்றோடு மோதும். ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கூலன்ட் மாற்றும்போது வடித்ததை ஒரு வெள்ளை பேசினில் பிடிக்கிறார்கள். அப்போது போர்மேன் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“தம்பி, பைப்புத் தண்ணியா ஊத்துனீங்க?”

“ஆமாண்ணே, அவசரத்துக்கு.”

பேசினைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். துருப்பிடித்த பழுப்பு நிறம் என்றால் நாள்கணக்கில் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது. கொழகொழவென்று ஜெல்லி மாதிரி வந்தால் ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட் கலந்திருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பிக் கலக்கக்கூடாது, பச்சையும் பச்சையும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, இஞ்சின் எண்ணெய் தே தாரிக் டீயின் நிறத்துக்கு மாறியிருந்தாலோ, மூடியைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட விடும்போது குமிழி நிற்காமல் வந்தாலோ, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் கூலன்ட் மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

நம் நாட்டில் உறைபனி கிடையாதே, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர் கூலன்டைவிட மேல் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து இல்லை. அலுமினிய ரேடியேட்டரும் பம்பின் இறக்கையும் மெல்ல அரிபடும், குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். கலந்தே வரும் போத்தலை அப்படியே ஊற்ற வேண்டும். கெட்டியாக வருவதைக் காய்ச்சி வடித்த வடிநீரோடு சமமாகக் கலக்க வேண்டும். வடிநீருக்குக் கடைகளில் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டு வாங்குவார்கள். அது ஆசிட் போத்தல் இல்லை என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இந்த வண்டிகளுக்கு ஒரு லிட்டர் போத்தல் தாராளம், மீதியும் இருக்கும். கையேட்டில் வேறு கணக்கு இல்லையென்றால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம்.

இந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று தோன்றுவது, உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் வேலையில். முன் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, கூலன்ட் ஊற்றும் வாய் உச்சியில் இருக்கும்படி நிறுத்துகிறார்கள். மெதுவாக ஊற்றி, ஹோஸைப் பிழிந்து பிழிந்து விடுகிறார்கள். மூடியைத் திறந்தே வைத்து இஞ்சினை ஓட விடுகிறார்கள். சூடேறியதும் கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும், உடனே நிரப்புகிறார்கள். த்ராட்டிலை லேசாக இரண்டு மூன்று முறை முறுக்கி, குமிழி நின்ற பிறகு மூடி, விசிறி ஒரு தடவை சுற்றி நிற்கும்வரை காத்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியில் மட்டம் பார்க்க வரச் சொல்கிறார்கள், அதற்குக் கூலி இல்லை. காற்று உள்ளே நின்றுவிட்டால் புது கூலன்ட் ஊற்றிய வண்டியும் அன்றைக்கே சூடேறும்.

குறைகளும் உண்டு. கேட்காமலேயே “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம்” என்கிறார்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். லயத்திலிருந்து கடைத்தெரு வரை போகும் சின்ன ஓட்டத்தில் இஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் தங்கும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிச் சுடுதண்ணீரில் தொங்கவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் நல்லது, கொதிக்கும் தண்ணீரிலும் மூடியே கிடந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று, வடித்த கூலன்டைப் பேசினோடு தரையில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது இனிக்கும் விஷம். தெருநாய் நக்கினால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் ஆபத்து. மூடியுள்ள டின்னில் ஊற்றி வைக்க ஒரு நிமிடம் ஆகாது. இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். பெரிய டின்னிலிருந்து ஊற்றும்போது எந்த வகைக் கூலன்ட் என்று ரசீதில் எழுதித் தருவதுமில்லை. நீங்களே போத்தல் வாங்கிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஏற்றிய வண்டிகளுக்கு இந்த சர்வீஸ் ஓரளவுதான் உதவும். ஒய்15இன் 57 மில்லிமீட்டர் போரை 62 ஆக்கினால் 150 சிசி சுமார் 177 சிசி ஆகிறது. சூடு கூடுகிறது, ரேடியேட்டர் அதேதான். அங்கே பெரிய ரேடியேட்டருக்கு நியாயம் உண்டு. ஈஎக்ஸ்5 மாதிரி காற்றில் ஆறும் வண்டிகளுக்கு ரேடியேட்டரே இல்லை. சிலிண்டர் தகடுகளில் மண் இல்லாமல், எண்ணெய் மட்டம் சரியாக இருந்தால் போதும்.

போவதாக இருந்தால் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு, டவுனுக்குள் இருப்பவர்கள் முடிந்தால் தள்ளிக்கொண்டே போங்கள். இஞ்சின் ஆறியே இருப்பதால் காத்திருக்கும் நேரம் மிச்சம். முதல் நாள் இரவு ரிசர்வ் போத்தலில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனால், போர்மேன் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.