பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் வாங்கப் போகிறீர்களா, முதலில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்' படத்தை டிஸ்க்காகவோ ஓடிடியில் வாடகைக்கோ காசு கொடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள். 2 மணி 31 நிமிடம் என்று போட்டிருந்தால் அது 2016 மார்ச்சில் தியேட்டருக்கு வந்த வெட்டுப்பட்ட படம். 3 மணி 2 நிமிடம் என்றிருந்தால் அதுதான் அல்டிமேட் எடிஷன், வெட்டிய அரை மணி நேரத்தைத் திரும்பச் சேர்த்தது. இரண்டுக்கும் பேர் ஒன்று, அட்டைப் படமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தலையில் கட்டுவது ரொம்பச் சுலபம்.

என் தலையில் கட்டினார்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர், பேர் வேண்டாம், பக்கத்தில் பெரிய எழுத்தில் அல்டிமேட் எடிஷன் என்று போட்டு அதற்கேற்ற விலையும் வைத்திருந்தார். வந்த பெட்டியின் முன்பக்கம் அதே வாசகம் ஒரு பளபள ஸ்டிக்கரில் இருந்தது. பின்பக்கம் நிமிடம் அச்சிட்டிருக்கும் இடத்துக்கு மேலேயே, வேறு இடமே கிடைக்காத மாதிரி, விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். படத்தைப் போட்டு அரை மணி நேரத்துக்குள் சந்தேகம் வந்துவிட்டது. நகத்தால் சீட்டைச் சுரண்டினால் உள்ளே 151 நிமிடம். கூப்பிட்டுக் கேட்டால், "சீல் உடைச்சிட்டீங்க சார், ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்றார். சீலை உடைக்காமல் உள்ளே இருப்பது எது என்று எப்படிப் பார்ப்பதாம்? அதற்கு அவர் சொன்னது இன்னும் எரிச்சல்: "ரெண்டும் ஒரே படம்தான் சார், சும்மா கொஞ்சம் சீன் கூட இருக்கும்."

இப்படி மாட்டியவர்களுக்காகச் சொல்கிறேன். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. சீல் கதையெல்லாம் அங்கே செல்லாது. சுரண்டிய சீட்டோடு பெட்டியைப் படம் எடுத்து, இந்த விதியையும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் குறிப்பிட்டு எழுதினேன், பணம் வந்தது. தபால் செலவு வரவில்லை.

சரி, அவர் சொன்ன "ஒரே படம்தான்" என்பதற்கு வருவோம், ஏனென்றால் இந்தப் படத்தைப் பற்றிய சண்டையில் பாதி அங்கேதான் இருக்கிறது. படத்தைத் திட்டுபவர்களும் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் பல நேரம் வேறு வேறு படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். தியேட்டர் படத்தில் நைரோமி என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டில் தன் காதலியான நிருபர் லோயிஸைக் காப்பாற்ற சூப்பர்மேன் வருகிறார், அங்கே ஆட்கள் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார்கள், உடனே பழி சூப்பர்மேன் மேல். துப்பாக்கியால் சுடுவதற்கு சூப்பர்மேன் எதற்கு என்று எனக்கு அன்றைக்கே புரியவில்லை. முழுப் படத்தில் பதில் இருக்கிறது: கூலிப்படையினர் பிணங்களைத் தீப்பீய்ச்சியால் எரிக்கிறார்கள், அவருடைய கண் நெருப்பில் கருகிய மாதிரித் தெரிய வேண்டும் என்று. செனட் விசாரணையில் சாட்சி சொன்ன பெண் மிரட்டிப் பேசவைக்கப்பட்டவள் என்பதும், பிறகு அவளை ரயில் முன்னால் தள்ளிக் கொல்வதும் முழுப் படத்தில்தான். நாடாளுமன்றத்தில் வெடித்த குண்டை வைத்த சக்கர நாற்காலிக்குள் ஈயத் தகடு இருந்ததால் எதையும் ஊடுருவிப் பார்க்கும் சூப்பர்மேன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று லோயிஸ் கண்டுபிடிக்கும் இடமும் அப்படியே.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நாடாளுமன்றக் கட்டடம் வெடிக்கிறது, சூப்பர்மேன் நெருப்பு நடுவே சோகமாக நிற்கிறார், பறந்து போய்விடுகிறார். முழுப் படத்தில் அவர் காயப்பட்டவர்களை வெளியே தூக்கி வருகிறார். அந்த ஒரு காட்சி இல்லாததால் உலகம் முழுக்க "இவன் என்னய்யா சூப்பர்மேன், ஒருத்தரையும் காப்பாற்றாமல் ஓடுகிறான்" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஆனால் போக வேண்டிய இடம் எடிட்டிங் மேசை. சூப்பர்மேன் கிளார்க் என்ற நிருபராக, பேட்மேனின் ஊரான கோத்தமுக்கே போய், பேட்மேன் சூடு போட்டதால் சிறையில் செத்தவனின் குடும்பத்தைப் பார்த்து விசாரிப்பதும் வெட்டில் போனதுதான். அது போனதால் சும்மா பொறாமையில் ஒருவர் மேல் ஒருவர் பாய்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மூன்று மணி நேரப் படம் என்றால் தியேட்டரில் ஒரு நாளைக்கு ஒரு காட்சி குறையும். முழுப் படத்துக்கு அமெரிக்காவில் ஆர் சான்றிதழ், பொம்மை வாங்கும் வயசுப் பிள்ளைகள் தனியாக வர முடியாது. ஆக நமக்குச் சுருக்கப்பட்டதை முழு விலைக்கு விற்றுவிட்டு, மூன்றே மாதத்தில், 2016 ஜூன் கடைசியில், மிச்சத்தைச் சேர்த்து இன்னொரு தரம் விற்றார்கள். ஆன்லைன்காரர் ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றினார், ஸ்டுடியோ ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. பலனையும் பார்த்தார்கள். முதல் வாரயிறுதியில் அமெரிக்காவில் 16 கோடி டாலருக்கு மேல் வசூல், அடுத்த வாரயிறுதியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் சரிவு.

ஆனால் இன்னொரு ஏமாற்றையும் சொல்லியாக வேண்டும், அது ரசிகர்கள் செய்வது. "அல்டிமேட் எடிஷன் பாருங்க, எல்லாம் சரியாகிடும்" என்பார்கள். ஆகாது. வில்லன் லெக்ஸின் சதி இப்போது புரிகிறது, அவ்வளவுதான். லெக்ஸாக வரும் ஜெஸ்ஸி ஐசன்பெர்க் விரலை ஆட்டி, முனகி, தொண்டையைச் செருமிப் பேசுவதைக் கூடுதல் நேரம் தாங்க வேண்டும். நாயகர்கள் இரண்டு பேரும் மோதப் போகும் நேரத்தில் வொண்டர் வுமன் லேப்டாப்பைத் திறந்து அடுத்தடுத்த படங்களின் ஆட்களை வரிசையாகப் பார்ப்பது, அதுவும் ஒவ்வொருவருக்கும் லோகோ முதற்கொண்டு தயாராக இருப்பது, முழுப் படத்திலும் அப்படியேதான் இருக்கிறது. லெக்ஸ் உருவாக்கும் அரக்கன் டூம்ஸ்டே வந்த பிறகு திரையில் புகையும் மின்னலும் தவிர எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அவன் வருவதையும் 2015 டிசம்பர் டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள், ஆகவே இவர்கள் சண்டை எப்படியும் சமாதானத்தில் முடியும் என்று டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். 1986-ல் வந்த ஒரு பேட்மேன் காமிக்ஸையும் 1992-ன் சூப்பர்மேன் மரணக் கதையையும் ஒரே படத்தில் திணித்தால் இரண்டாவது கதைக்கு இடம் எங்கே கிடைக்கும்?

மார்த்தா விஷயமும் மாறவில்லை. பேட்மேன் கொல்லப் போகும் நேரத்தில் சூப்பர்மேன் தன் அம்மாவை 'மார்த்தா' என்று பேர் சொல்கிறார், பேட்மேன் அம்மாவின் பேரும் அதுதான், சண்டை நின்றுவிடுகிறது. யோசனை நல்ல யோசனை: பேட்மேனுக்கு அது தன் அப்பா சுடப்பட்டுச் சாகும்போது சொன்ன கடைசிப் பெயர், அதே பெயரை இன்று தன் காலடியில் கிடப்பவன் சொல்கிறான், ஆகவே துப்பாக்கி வைத்திருந்த அந்தக் கொலைகாரன் நின்ற இடத்தில் இப்போது நிற்பது தான். அம்மா சென்டிமென்டில் ஊறிய நமக்கு இது அழுகையே வரவேண்டிய இடம். ஆனால் எந்த மகனய்யா சாகிற நேரத்தில் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்? தியேட்டரில் சிரித்தார்கள், வீட்டிலும் சிரிப்புதான் வந்தது.

இவ்வளவு திட்டியும் ஏன் தேடிப் பிடித்து வாங்கினேன் என்றால், நல்ல இடங்கள் அவ்வளவு நல்ல இடங்கள். இதற்கு முந்தைய சூப்பர்மேன் படமான 'மேன் ஆஃப் ஸ்டீல்'-இன் கடைசிச் சண்டையை இந்தத் தடவை தரையிலிருந்து பார்க்கிறோம். மேலே இரண்டு தேவர்கள் அடித்துக்கொள்ள, கீழே கட்டடங்கள் சரிய, பேட்மேனான ப்ரூஸ் வெய்ன் எல்லாரும் ஓடிவரும் திசைக்கு எதிராகப் புழுதிக்குள் ஓடுகிறார். வேறு எந்த சூப்பர் ஹீரோ படமும் தன் முந்தைய படத்தின் குற்றத்தை இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை என்பது என் எண்ணம். பென் அஃப்லெக்கின் களைத்துப்போன, கசந்துபோன பேட்மேன் எனக்குப் பிடித்தது. அவர் ஆட்களைக் கொல்வது தவறு என்பவர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன், ஆனால் கதையே அவர் கெட்டுப்போனதைப் பற்றியதுதானே. செனட்டர் ஃபிஞ்ச் பேசிக்கொண்டே வந்து மேசை மேல் லெக்ஸ் வைக்கச் செய்த ஜாடியைப் பார்க்கிறார், வார்த்தை தடுமாறுகிறது, அறை அமைதியாகிறது. ஹோலி ஹன்டர் முகம் ஒன்றே போதும், குண்டுச் சத்தம் அதற்கப்புறம்தான். பேட்மேனின் கிடங்குச் சண்டையும், வொண்டர் வுமன் வரும்போது எலெக்ட்ரிக் செல்லோ இழுக்கும் அந்த இசையும் பற்றி எதிர்க்கட்சிக்காரர்களே நல்லதாகத்தான் சொல்வார்கள்.

தியேட்டரில் இதை 3டியில் காட்டியதைப் பற்றி ஒரு வரி. படமே முக்கால்வாசி இரவு. எடுத்து முடித்த பிறகு 3டிக்கு மாற்றியது, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி, அதற்குத் தனி வாடகை. எங்காவது மறுபடி போட்டால் 2டி காட்சிக்குப் போங்கள்.

வீட்டில் பார்ப்பவர்கள் முடிந்தால் 2021-ல் புதுப்பித்து வந்த 4கே அல்டிமேட் எடிஷனைத் தேடுங்கள். அதில் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் வரும்போது படம் திடீரென்று உயரமாகி டிவியின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அது டிஸ்க் கோளாறு இல்லை, கடைக்காரரோடு அதற்குச் சண்டை போடாதீர்கள். ரிமோட்டில் ஜூம் போட்டு நிரப்பவும் வேண்டாம், பேட்மேனின் காது வெட்டுப்பட்டுவிடும்.