கப்பலில் ‘அன்லிமிடெட் டிரிங்க்ஸ் கூப்பன்’ என்று 28,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: மும்பை ஆட்கள் கவனம்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் போக மும்பையில் யாராவது புக் பண்ணிக்கொண்டிருந்தால், டிக்கெட்டோடு சேர்த்து ‘டிரிங்க்ஸ் கூப்பன்’ என்று எதையாவது தலையில் கட்டப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். நாங்கள் போன கப்பலில் அப்படி ஒரு கூப்பனே கிடையாது. எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்து 28,000 ரூபாய் போய்விட்டது. இன்று மதியம்கூட அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடுதான் திரும்பினேன். எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் பீர் செலவைக் குறைப்பது எப்படி என்று விவரமாக ஒரு பதிவு போடுவதாகப் போகும் முன் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன், பொறுமை மிச்சமிருந்தால்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. ஹார்பர் லைனில் ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே, வடாபாவ் வண்டிக்குப் பின்னால் குறுகலான படிக்கட்டு ஏறினால் வரும் டிராவல் ஏஜென்சி. சார்தாம், காசி, துபாய் என்று கண்ணாடிக் கதவு முழுக்க ஸ்டிக்கர். நடத்துபவர் நம்ம ஊர்க்காரர். அப்பா காலத்திலேயே நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பமாம். நாற்காலியில் உட்காருவதற்குள் “காபியா டீயா அண்ணே?” என்றார். பையனிடம் மராத்தி, போனில் இந்தி, என்னிடம் திருநெல்வேலித் தமிழ். அந்தத் தமிழுக்காகவே அங்கே போகிற குடும்பங்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நிறைய உண்டு.

கப்பல் டிக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. நான்கு இரவு, சிங்கப்பூர் மரீனா பே துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு அறை. ஒன்றில் நானும் மனைவியும், இன்னொன்றில் மச்சானும் தங்கச்சியும். கார்டில் பணம் கட்டினேன், கப்பல் கம்பெனியிடமிருந்தே மெயில் வந்தது, புக்கிங் எண்ணைப் போட்டால் அவர்கள் ஆப்பில் எங்கள் பெயர் வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வியாபாரத்தைச் சுத்தமாகச் செய்துவிட்டுத்தான் இரண்டாவதில் கை வைக்கிறார்கள்.

டிக்கெட் வேலை எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் கேட்டார். “அண்ணே, கப்பல்ல பீர் என்ன விலைன்னு தெரியுமா?”

மேஜையில் இருந்த பெரிய கால்குலேட்டரை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஒரு பீர் 9 அமெரிக்க டாலர். அதன் மேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். ரூபாயில் 900 தாண்டும். “900-னே வைங்க. ஒரு நாளைக்கு ஆறுன்னு வைங்க, நாலு நாள்.” 21,600. “ரெண்டு பேருக்கு?” கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். 43,200. அடுத்து அதே எண்ணை அழித்துவிட்டு 28,000 என்று அடித்து மறுபடியும் திருப்பினார். “ஆளுக்குப் பதினாலு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எத்தனை வேணா குடிங்க. லேடீஸுக்கு வேண்டாம்ல? அப்ப ரெண்டு போதும்.”

மச்சான் கேட்டான், கப்பல்காரன் விற்பதை நீங்கள் எப்படி இவ்வளவு குறைவாகத் தருகிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. அதற்கும் தயாராக வைத்திருந்தார் பதில். மொத்தமாக வாங்கும் ஏஜென்ட்டுகளுக்குத் தனி ரேட் என்றார். சொன்னதோடு நிற்காமல் எங்கள் முன்னாலேயே ‘சிங்கப்பூர் டெஸ்க்’ என்று யாருக்கோ போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் ஒருவன் நல்ல இங்கிலீஷில் எங்கள் புக்கிங் எண்ணைத் திருப்பிச் சொல்லி, இரண்டு பேக்கேஜ் ஏற்றியாயிற்று என்றான். எங்கள் எண் அவனுக்குத் தெரிந்திருந்தது, பாருங்கள். நாங்கள் நம்பிய இடம் அதுதான். அந்த எண்ணை இவர் அஞ்சு நிமிஷம் முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது.

பணம் மட்டும் கார்டில் வாங்கவில்லை. மெஷினில் நெட்வொர்க் இல்லை என்று டிராயரிலிருந்து ஒரு க்யூஆர் அட்டையை எடுத்து நீட்டினார். ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. “நம்ம தம்பி அக்கவுண்ட்தான்ணே, கரண்ட் அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு.” 28,000 போனதும் மேஜையில் இருந்த, பணம் வந்ததைச் சொல்லும் சின்னப் பெட்டி இந்தியில் தொகையைச் சத்தமாகச் சொன்னது. பளபளவென்று இரண்டு வவுச்சர், லேமினேட் பண்ணி, கப்பல் படம் போட்டு, மூலையில் க்யூஆர் கோடோடு கையில் கொடுத்தார்.

கப்பல் ஏறிய அன்று சாயங்காலம் நீச்சல்குளத்துப் பாரில் வரிசையில் நின்று, அறைக்கார்டையும் வவுச்சரையும் நீட்டினேன். பார்க்காரப் பையன் பிலிப்பைன்ஸ்காரன், அவ்வளவு மரியாதை. கார்டைத் தேய்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பேக்கேஜ் எதுவும் இல்லை. வவுச்சரை இரண்டு பக்கமும் பார்த்தான், பேசாமல் என்னிடமே கொடுத்தான். பின்னால் நின்ற சீனத்துப் பெரியவர் “ஏதாவது பிரச்சினையா” என்று வேறு கேட்டார். ஈரத் துண்டோடு நின்றிருந்த மச்சான் தன் போனில் அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பார்த்தான். அது கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போனது. காசி யாத்திரை ரீல்ஸ்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். பேக்கேஜ் என்பது காகிதமே இல்லை. கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ, அல்லது ஏஜென்ட் மூலமாகக் கப்பல் கம்பெனி கணக்கிலேயோ வாங்கினால், அது நம் அறைக்கார்டில் ஏறிவிடும். ஆப்பைத் திறந்தால் நம் பெயருக்குக் கீழே தெரியும். தெரியவில்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் சொன்னாள் இன்னொன்று. ஒரே அறையில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் அந்த அறையில் இருக்கும் குடிக்கும் வயது வந்த எல்லோரும் எடுத்தாக வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் இதுதான் விதி, ஒருவர் வாங்கி நான்கு பேர் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. அதாவது “லேடீஸுக்கு வேண்டாம்ல” என்று அவர் சொன்ன அந்த ஏற்பாடே அந்தக் கப்பலில் சாத்தியம் இல்லை. கப்பலில் அன்றைய விலை ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 டாலர், 18 சதவீதம் சேர்த்தால் 94-க்கு மேல். நாலு பேர், நாலு நாள் என்று போட்டால் 1,500 டாலரைத் தாண்டுகிறது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கும் என் மனைவிக்கும் சேர்த்து! எங்களுக்குப் பதினாலாயிரத்துக்கு விற்றதன் உண்மை விலை முப்பதாயிரத்துக்கு மேல்.

கடைக்காரருக்கு போன் பண்ணக்கூட நடுக்கடலில் காசு கட்டி வைஃபை வாங்க வேண்டியிருந்தது. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ்: “சிஸ்டத்துல லேட்டா ஏறும்ணே, நாளைக்குப் பாருங்க.” மறுநாள்: “பார் மேனேஜரைக் கேளுங்கண்ணே.” பார் மேனேஜரோ ஏஜென்ட்டைக் கேட்கச் சொல்கிறார். புக்கெட் போனபோது, “நீங்க உங்க காசுல குடிங்க, பில்லை வைச்சுக்கோங்க, வந்ததும் செட்டில் பண்றேன்.” ஆசையைப் பார்த்தீர்களா? 28,000-க்கு மேல் இன்னும் செலவழிக்கச் சொல்கிறார்.

இன்னொரு ஆலோசனையும் அவர் கொடுத்ததுதான். மும்பை ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயில் இரண்டு பாட்டில் விஸ்கி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் பார்ப்பதில்லை என்றார். ஏர்போர்ட் மாதிரியே கப்பலிலும் பெட்டி ஸ்கேனருக்குள் போகிறது. பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள், கடைசி ராத்திரி திரும்பக் கொடுத்தார்கள்.

மும்பை வந்த பிறகு நடந்ததுதான் இன்னும் எரிச்சல். முதலில் கணபதி லீவு, அக்கவுண்ட்ஸ் மேடம் ஊருக்குப் போயிருக்கிறார். அப்புறம் சிங்கப்பூர் பார்ட்னர் ரீஃபண்ட் போட்டுவிட்டான், ஏழு வேலை நாள் ஆகும். அந்தப் போனில் பேசிய பார்ட்னர் நம்பரைக் கொடுங்கள் என்றால், “அது கம்பெனி நம்பர்ணே, தரக்கூடாது.” அப்புறம் நேரில் போனால் கடைப் பையன், சேட் (முதலாளியைத்தான் அப்படிச் சொல்கிறான்) அந்தேரி போயிருக்கிறார் என்கிறான். உள்ளறையில் சேட்டின் ரிங்டோன் கேட்கிறது! அப்புறம் ஒரு நாள் பெரிய மனசு பண்ணி, காசாகத் தர முடியாது, காஷ்மீர் டூரில் 28,000 கழித்துக்கொள்கிறேன் என்றார். காஷ்மீருக்கு மீதி 1,10,000 நான் கட்ட வேண்டுமாம்.

இன்று மதியம் குரலை உயர்த்தினேன். கடையில் வேறு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது, வயசான அம்மா ஒருவர், காசி டிக்கெட்டுக்கு. அவர்கள் காதில் விழும்படி சொன்னார்: “குடிக்கிற காசுக்கா அண்ணே இவ்வளவு சத்தம் போடறீங்க? வீட்டுல அண்ணிக்குத் தெரியுமா?”

இந்த வார்த்தையில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. ஹோட்டல் ரூம் விஷயத்தில் ஏமாற்றினால் நாம் ஊரைக் கூட்டுவோம். பீர் காசு என்றால் வெளியே சொல்ல மாட்டோம், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட மாட்டோம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் சிரிப்பார் என்று பேசாமல் விட்டுவிடுவோம். அது தெரிந்துதான் விமான டிக்கெட்டில் கை வைக்காமல் இதில் கை வைக்கிறார்கள். அண்ணிக்குத் தெரியும் ஐயா. இந்தப் பதிவைப் போடச் சொன்னதே அவள்தான். என் மனைவிக்குப் பீர் போனதில் வருத்தம் இல்லை, 28,000 போனதில்தான் தூக்கம் இல்லை.

பேங்கில் கேட்டேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய யுபிஐ, நாங்கள் திருப்ப முடியாது என்றுவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் தராத சேவைக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்கில் டிஸ்ப்யூட் போட ஒரு வழியாவது இருக்கும். கார்டு மெஷின் அன்றைக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரிகிறதா?

சரி, சொன்ன ஆலோசனைகள். நீளமாக எழுத மனசில்லை.

பேக்கேஜ் வேண்டும் என்றால் கப்பல் ஆப்பில் வாங்குங்கள். ஏறுவதற்கு முன்பே வாங்கினால் பெரும்பாலும் ஏறிய பிறகு இருப்பதைவிடக் குறைவு. ஆனால் கணக்குப் போடுங்கள்: 94 டாலருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது பீராவது குடித்தால்தான் கட்டும், கரையிறங்கிச் சுற்றும் நாளில் அவ்வளவு யார் குடிக்கிறார்கள்? நாங்கள் தனித்தனியாக வாங்கிக் குடித்ததே குறைவாக முடிந்தது. சில கப்பல்களில் நாலைந்து பீரை ஐஸ் வாளியில் சேர்த்து விற்கிறார்கள், தனியாக வாங்குவதைவிடக் கொஞ்சம் மிச்சம். ஒயின் என்றால் ஆளுக்கு 750 மில்லி பாட்டில் ஒன்று, ஏறும் நாளில் கையோடு கொண்டுபோகப் பல கம்பெனிகள் விடுகின்றன, பீரை விடுவதில்லை. புக்கெட்டில் இறங்கினால் செவன் லெவன் கடையில் சாங், சிங்கா பீர் எல்லாம் கப்பல் விலையில் பாதிகூட இல்லை, அங்கேயே குடித்துவிட்டு ஏறுங்கள். மலேசியாவில் மதுவுக்கு வரி அதிகம், லங்காவி மாதிரி சில தீவுகளில் மட்டும் வரி இல்லை.

காசு கட்டும்போது க்யூஆரில் தனி ஆள் பெயர் வந்தால் போனை மூடி வையுங்கள். பில் கேளுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. நான் அங்கேதான் போகிறேன். வவுச்சர், யுபிஐ ரசீது, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

செம்பூர், தாராவி, சயான் பக்கம் இதே மாதிரி லேமினேட் வவுச்சர் யார் கையிலாவது இருந்தால், வெட்கப்படாமல் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கடையைச் சொல்கிறேன், அதே கடையா என்று பாருங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.